மேம்பாலத்தடியில் உட்கார்ந்துகொண்ட முறுக்கு

மாலை ஏழு மணி. வேலை முடிந்தவர்கள் பேருந்தை விட்டு இறங்கி எங்கள் புளோக் பக்கம் நடந்துகொண்டிருக்கும் நேரம். பாதசாரி மேம்பாலத்தின் முதல் படிக்குக் கீழே முறுக்கு உட்கார்ந்திருந்தான். நான் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

“வாடா முறுக்கு. பார்க் போகணும்ல? வா, வா.”

அவன் அசையவில்லை. முன்னங்கால்களை அழுத்தி ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, காதுகளை மடக்கிக்கொண்டு எங்கோ பார்த்தான். கடந்துபோன சீன முதியவர் ஒருவர் சிரித்தபடி, “லேசி டாக்!” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, இவனுக்காக மட்டும் கீழே இறங்கி வருகிறேன். இவனோ படியைக் கண்டதும் உட்கார்ந்துவிடுகிறான். மூன்று மாதங்களாக இதே இடம், இதே அடம்.

அது அடம் இல்லை என்று எனக்குத் தெரியவந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் வளர்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடும்தான்.

முறுக்கு வந்த கதை

எட்டு ஆண்டுகளுக்கு முன், துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் திரிந்துகொண்டிருந்த ஒரு தாய் நாயையும் குட்டிகளையும் விலங்குநல ஆர்வலர்கள் மீட்டார்கள். அந்தக் குட்டிகளில் ஒருவன் இவன். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் உள்ளூர்க் கலப்பினம். பழுப்பு நிறம், கறுத்த மூக்கு, ஒன்றரைச் சுற்றுச் சுருண்ட வால். தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்ததாலும் அந்த வாலாலும் அம்மா வைத்த பெயர் முறுக்கு.

வீவக வீடுகளில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். நடுத்தர உயரமுள்ள உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் வீவக வீடுகளில் இடம் தருவதற்காக 2012இல் தொடங்கியதுதான் ‘அடோர்’ திட்டம். அதன் வழியாகத்தான் முறுக்கை எடுத்தோம். அப்போது 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு இருந்தது. 2020இல் உயர வரம்பை 55 சென்டிமீட்டராக உயர்த்தி, எடை வரம்பை நீக்கினார்கள். எங்கள் வீட்டிலும் அதே காலகட்டத்தில்தான் எடை வரம்பு நீங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

“வீட்டுக்குள்ள நாயா?” என்று முகம் சுளித்த உறவினர்கள் உண்டு. அதே அத்தை இன்று கைப்பையில் அவனுக்குப் பிஸ்கட் வைத்துக்கொண்டுதான் வருகிறார். மின்தூக்கியில் மலாய்க் குடும்பத்தினர் நின்றால் நாங்கள் அடுத்த முறை வரை காத்திருப்போம். பக்கத்து வீட்டு மக்சிக் தூரத்திலிருந்தே கையசைத்து அவனிடம் பேசுவார். இப்படி ஒரு தாழ்வாரமே அவனுக்குப் பழகிப் போயிருந்தது. நடக்கப் போகலாம் என்றால் கதவருகே குதிப்பான். அந்தக் குதிப்பு எப்போது நின்றது என்று இப்போது யோசித்தாலும் எனக்கு நினைவில்லை.

என் கணிப்புகள்

முதலில் வெயிலைச் சந்தேகித்தேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களில் மதிய இடைவேளையில் அவனை வெளியே கொண்டுபோகும் பழக்கம் எனக்கு இருந்தது. நிழலில் 32 டிகிரி என்று கைப்பேசி காட்டும்போது, வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 50 டிகிரியையும் தாண்டிச் சுடும். நாம் காலணி போட்டிருக்கிறோம். அது நமக்குத் தெரிவதில்லை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நம் கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நான் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது விநாடியிலேயே கையை எடுத்துவிட்டேன். அன்றோடு மதிய நடை நின்றது; மாலை ஏழு மணிக்கு மாற்றினேன். ஆனால் மாலையிலும் அவன் உட்கார்ந்தான்.

அடுத்து பாதம். விரலிடுக்கில் முள், கண்ணாடித் துண்டு, உண்ணி ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. நகம் நீண்டிருந்தது, பளிங்குத் தரையில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டது. நகம் நீண்டால் ஒவ்வோர் அடியிலும் அது தரையில் மோதி விரலைப் பின்னுக்குத் தள்ளும், நடை மாறிவிடும். வெட்டிவிட்டோம். சத்தம் நின்றது. உட்காருவது நிற்கவில்லை.

மூன்றாவதாகப் பயம். மேம்பாலத்துக்கு அருகில் கட்டுமானப் பணி நடக்கிறது. மிதிவண்டியில் உணவு விநியோகம் செய்பவர்கள் அங்கே வேகமாகத் திரும்புவார்கள். ஒருநாள் ஏதோ அவனைப் பயமுறுத்தியிருக்கலாம், அந்த இடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பயந்த நாயை இழுக்கக்கூடாது, தின்பண்டம் கொடுத்து மெல்லப் பழக்க வேண்டும் என்று படித்துவிட்டு, வேகவைத்த கோழித் துண்டுகளை டப்பாவில் எடுத்துப் போனேன். கோழியைச் சாப்பிட்டான். வாலை ஆட்டினான். படி ஏறவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொன்று என்னைக் குழப்பியது. காலையில் அம்மாவுடன் போகும்போது அவன் உட்காருவதே இல்லை. அரை மணி நேரம் சுற்றிவிட்டு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். “அப்ப எங்கிட்டதான் உனக்குத் திமிரா?” என்று கேட்டேன். பாட்டி தோசை ஓரம் கொடுக்கிறார், அதனால்தான் அவர் சொல்வதைக் கேட்கிறான் என்று என் மகள் தீர்ப்புச் சொன்னாள். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பொறுமை போய்விட்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்து, இரண்டு படி வரை இழுத்தே ஏற்றிவிட்டேன். அவன் கத்தவில்லை, கடிக்கவில்லை. மூன்றாவது படியில் நின்று பின்னங்கால்கள் நடுங்க என்னைப் பார்த்தான். அதற்கு மேல் இழுக்க எனக்குக் கை வரவில்லை. 17 கிலோவைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

அம்மா சொன்னது

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொன்னேன். அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அவன் பார்க்கைப் பார்த்து உக்கார்றானா, படிக்கட்டைப் பார்த்து உக்கார்றானா?”

நான் பதில் சொல்லவில்லை.

“காலையில நானும் அவனும் புளோக்கைச் சுத்தித்தான் வர்றோம். எல்லாம் சமதரை. பெஞ்சு வந்தா நான் உக்காருவேன், அவனும் படுத்துக்குவான். அந்தப் பாலத்துல நான் ஏறி ஒரு வருஷம் ஆச்சு. ஈரச்சந்தைக்குப் போனாக்கூட அந்தக் கோடிக்கு நடந்து, சிக்னல்ல கடந்துதான் போறேன். நீ கவனிச்சியா?”

நான் கவனித்திருக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பது தெரியும். பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்குவது தெரியும். அதற்காக அன்றாடம் இருநூறு மீட்டர் சுற்றி நடக்கிறார் என்பது தெரியாது.

“அது சோம்பல் இல்லடி. மூட்டு வலி. எனக்குத் தெரியாதா?” என்றவர் கொஞ்சம் தயங்கி, “என் மாத்திரையில கால்வாசி சப்பாத்தியில சுருட்டிக் கொடுக்கலாமான்னுகூட யோசிச்சேன். உன்னைக் கேட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்” என்றார்.

கேட்டது நல்லதாகப் போயிற்று. இதைப் பிறகு மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு வயிற்றுப்புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும். அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று நாமே கணக்குப் போடக் கூடாது. மனிதருக்கான மாத்திரை எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

கைப்பேசியில் இருந்த சான்று

நாய்களைப் பேருந்திலும் ரயிலிலும் ஏற்ற முடியாது. செல்லப்பிராணிகளை ஏற்றிக்கொள்ளும் வாடகை வண்டி ஒன்றை முன்பதிவு செய்து, சனிக்கிழமை காலை மருந்தகத்துக்குப் போனோம். நானும் மகளும் வாசலில் இறங்கியதும் முறுக்கு விறுவிறுவென்று உள்ளே நடந்தான். நொண்டல் இல்லை, தயக்கம் இல்லை. “இவனா நடக்க மாட்டேங்குறான்?” என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. அவர் சிரிக்கவில்லை. புது இடத்தில், பதற்றத்தில் நாய்கள் வலியை மறைத்துக்கொள்ளும் என்றார். வீட்டில் அவன் நடப்பது, எழுவது, ஓடுவது ஏதாவது காணொளி இருக்கிறதா என்று கேட்டார்.

என் மகளின் கைப்பேசியில் இருந்தது. ‘முயல் முறுக்கு’ என்று தலைப்பிட்டு அவள் தோழிகளுக்கு அனுப்பிய நாற்பது விநாடிக் காணொளி. தாழ்வாரத்தில் அவன் ஓடி வருகிறான். பின்னங்கால்கள் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக வைத்து, முயல் மாதிரி துள்ளித் துள்ளி வருகிறான். பின்னணியில் நாங்கள் எல்லாரும் சிரிக்கிறோம். மருத்துவர் அதை மூன்று முறை பார்த்தார். பழைய காணொளி இருக்கிறதா என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்றைத் தேடி எடுத்தோம். அதில் அவன் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அகலமாக எட்டி விழுகின்றன.

ஒரு காலில் மட்டும் பாரத்தைத் தாங்க முடியாதபோது, நாய் இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் என்று விளக்கினார். இடுப்பு மூட்டில் பிரச்சினை உள்ள நாய்களிடம் அடிக்கடி தென்படும் நடை அது. அழகு என்று நினைத்து நாங்கள் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியது அவனுடைய வலியை. மகள் கைப்பேசியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீடு வரும் வரை அவள் பேசவில்லை.

மருத்துவர் கண்டது

மருத்துவர் அவனைத் தரையில் நிற்கவைத்தே முதலில் தொட்டுப் பார்த்தார். இடது தொடை வலது தொடையைவிட மெலிந்திருந்தது. வலிக்கும் காலைக் குறைவாகப் பயன்படுத்தினால் அதன் தசை கரையும். காலைப் பின்னுக்கு நீட்டியபோது முறுக்கு தலையைத் திருப்பி அவர் கையை நக்கினான். “போதும் என்கிறான்,” என்றார் அவர்.

நடக்க மறுக்கும் எல்லா நாய்களுக்கும் மூட்டு வலி என்று சொல்லிவிட முடியாது. அதனால் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். உண்ணிகள் பரப்பும் உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் அரிதல்ல. அது வந்தால் சோர்வு, பசியின்மை, காய்ச்சல், வெளிறிய ஈறு எல்லாம் இருக்கும். கொசு பரப்பும் இதயப் புழு இருந்தால் இருமலோடு விரைவில் களைத்துவிடும். இதய நோய், முதுகெலும்புக் கோளாறு, முழங்கால் தசைநார்க் கிழிசல் என்று வேறு காரணங்களும் உண்டு. முறுக்குக்கு அவை எதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து எடுத்த எக்ஸ்ரேயில் விடை இருந்தது: இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்வு, இடதில் அதிகம்.

சமதரையில் மெதுவாக நடக்கும்போது அந்த மூட்டு அதிகம் நீள வேண்டியதில்லை. படி ஏறும்போது பின்னங்கால்கள்தான் உடலையே மேலே தள்ள வேண்டும். அவன் மேம்பாலத்தடியில் உட்கார்ந்ததற்கு வேறு எந்த மர்மமும் இல்லை.

“வலித்திருந்தால் கத்தியிருப்பானே?” என்று கேட்டேன். பலரும் கேட்கும் கேள்வி போலிருக்கிறது. உடனே பதில் வந்தது. கதவில் வால் நசுங்கினால் நாய் கத்தும். நாள்பட்ட வலிக்குக் கத்துவதில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விடும். சோபாவில் ஏறாது, கதவருகே குதிக்காது, படியருகே உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் எடை பார்த்தார்கள். 17.6 கிலோ. எங்களிடம் வந்து வளர்ந்து முடித்தபோது 14 கிலோ இருந்தவன். கிருமித்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தோம், எல்லாரும் ஊட்டினோம். அம்மாவின் தோசை ஓரம், என் பரோட்டா ஓரம், மகளின் பிஸ்கட். தேய்ந்த மூட்டின் மேல் மூன்றரைக் கிலோவை ஏற்றி வைத்ததில் எங்கள் அனைவருக்கும் பங்கு உண்டு. அன்றைய மொத்தக் கட்டணம் 400 வெள்ளியைத் தாண்டியது. முதல் மாதமே வந்திருந்தாலும் அதே செலவுதான் ஆகியிருக்கும். அவனுக்குத்தான் மூன்று மாத வலி மிச்சமாகியிருக்கும்.

வீட்டில் மாறியவை

தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது. ஆனால் வலியைக் குறைக்கலாம், நடையை மீட்கலாம் என்றார் மருத்துவர். சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருப்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, நாய்களுக்கென்றே உள்ள வலி, வீக்க மருந்தைக் கொடுத்தார். உணவோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டும்.

நடையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடப்பதற்குப் பதில், சமதரையில் பதினைந்து நிமிடங்களாக நாளுக்கு மூன்று முறை. படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும், தசை இன்னும் கரையும். சோபாவிலிருந்து குதிக்கக் கூடாது. வழுக்கும் பளிங்குத் தரையில், அவன் வழக்கமாக நடக்கும் பாதை முழுக்க ரப்பர் அடி கொண்ட விரிப்புகளைப் போட்டோம். கழுத்துப் பட்டையை மாற்றி, மார்பைச் சுற்றி மாட்டும் வார் வாங்கினோம். இனி யாரும் கழுத்தைப் பிடித்து இழுக்க முடியாது. உணவை அளவுக் கோப்பையில் அளந்து போடுகிறோம். தோசை ஓரம் கிடையாது. அதற்குப் பதில் உப்பில்லாமல் வேகவைத்த பூசணித் துண்டு. இந்த விதியை மீறுவது வீட்டில் ஒரே ஒருவர்தான். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்து மாதங்களில் 15.3 கிலோவுக்கு இறங்கியிருக்கிறான். போன வாரம் நான் காலணியை எடுத்ததும் கதவருகே வந்து நின்றான். குதிக்கவில்லை. வால் மட்டும் சுழன்றது.

உங்கள் வீட்டு நாய் நடக்க மறுத்தால்

என் அனுபவத்தில் சொல்கிறேன். நாய் எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். வெயில் நேரத்தில் மட்டுமா, படியருகே மட்டுமா, ஒரு குறிப்பிட்ட சத்தம் கேட்கும்போது மட்டுமா, எல்லா இடத்திலுமா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். தூங்கி எழும்போது விறைப்பாக இருக்கிறதா, நாலடி நடந்ததும் சரியாகிறதா என்று பாருங்கள். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறதா, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் நடையைப் படம் பிடித்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

திடீரென்று நடக்க முடியாமல் போனாலோ, காலைத் தரையில் ஊன்றவே இல்லை என்றாலோ, பின்னங்கால்கள் தள்ளாடினாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே கொண்டுபோங்கள். எது எப்படியானாலும் இழுக்காதீர்கள். அது ஒன்றைத்தான் என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

இப்போது மாலை நடைக்கு நாங்கள் மேம்பாலம் பக்கம் போவதில்லை. அம்மா, முறுக்கு, மகள், நான் என நால்வரும் அந்தக் கோடி வரை நடந்து சிக்னலில் கடக்கிறோம். அங்கே கம்பத்தில் இருக்கும் கருவியில் மூத்தோர் தங்கள் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் இன்னும் சில விநாடிகள் கூடுதலாக நிற்பான். 2009இல் வந்த ஏற்பாடு அது. அம்மா அதைப் பயன்படுத்துவதை நான் பார்த்ததே இந்த ஆண்டுதான். பலதுறை மருந்தகத்தில் அவருடைய இயன்முறைச் சிகிச்சைக்கும் இப்போது கூடவே போகிறேன்.

நேற்று அம்மா அட்டையைத் தட்டினார். “இது எனக்கு மட்டும் இல்ல, அவனுக்கும் சேர்த்து” என்றார். அவர் வேகத்துக்கு முறுக்கும், முறுக்கின் வேகத்துக்கு அவரும் நடந்தார்கள். மகள் விநாடிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். மறுபக்கம் சேர்ந்தபோது பச்சை மனிதனுக்கு இன்னும் நான்கு விநாடி மிச்சம் இருந்தது.